மணல் இல்லாத தீவில் ஒரு முக்குளிப்பு

கடலுக்குள் முழுகிப் போய், எதையும் எடுக்காமல், வெறுங்கையோடு மேலே வருவதற்கு மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள். அதுவும் கொஞ்சநஞ்சக் காசில்லை. பெரிய விமானத்திலிருந்து குட்டி விமானத்துக்கு மாறி, உலகின் மறுகோடியில் இருக்கும் ஒரு பாறைத் தீவுக்குப் போய்க் கொடுக்கிறார்கள். கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவின் பெயர் சேபா. அதைப் பற்றிய பயணக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. விஷயத்தைக் கேட்ட பள்ளிவாசல் ஜீப் டிரைவர் ஒருவர் நம்ப மறுத்தார்.

"முத்து இல்ல, சங்கு இல்ல, மீனும் பிடிக்கக் கூடாதா? பெறகு எதுக்கு அண்ணாச்சி உள்ள போறாங்க?"

"சும்மா பாக்கத்தான்."

"அது சரி. நம்ம ஊருக்கும் சும்மா பாக்கத்தானே வர்றாங்க" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர் போகிறபோக்கில் சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம். பள்ளிவாசல் இருப்பது இடுக்கி மாவட்டத்தின் மலைச்சரிவில்; சேபா இருப்பது அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம். ஆனால் இரண்டு இடங்களின் முன்னாலும் நிற்கும் கேள்வி ஒன்றுதான். பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஒரு கரடுமுரடான சின்ன இடம், பார்ப்பதற்கு இருப்பதையே தின்றுவிடாமல் எப்படிப் பிழைப்பது? சேபா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் கடலுக்குள் இருக்கிறது.

முதலில் தீவைப் பார்த்துவிடுவோம். சேபாவின் பரப்பு 13 சதுர கி.மீ. ஒரு பெரிய தேயிலை எஸ்டேட்டின் அளவு. மக்கள் சுமார் 2,000 பேர். கடலில் முழுகிக் கிடக்கும் ஓர் எரிமலையின் தலைதான் இந்தத் தீவு. அதன் சிகரத்தின் உயரம் 887 மீட்டர். நெதர்லாந்து முடியரசின் மிக உயரமான இடம் இதுதான் என்பது வேடிக்கை. தட்டை நாடு என்று பெயரெடுத்த ஹாலந்துக்காரர்களின் உச்சிமலை 7,000 கி.மீ. தள்ளிக் கரீபியனில் இருக்கிறது. நெதர்லாந்து அண்டில்லிஸ் என்ற பழைய அமைப்பு அக்டோபர் 10, 2010-இல் கலைக்கப்பட்ட பிறகு, சேபா நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகளில் ஒன்றாகிவிட்டது. செலாவணி மட்டும் அமெரிக்க டாலர்.

தீவில் நான்கு ஊர்கள். தலைநகரின் பெயருக்கு 'அடிமட்டம்' என்று பொருள். அந்த அடிமட்டத்துக்கே கடலிலிருந்து சுமார் 800 அடி ஏற வேண்டும். இன்னோர் ஊருக்கு 'நரக வாசல்' என்று பெயர். துறைமுகம் வருவதற்கு முன்பு, பாறையில் வெட்டிய 800 படிகள்தான் தீவின் வாசல். அரிசி மூட்டையிலிருந்து வீட்டுச் சாமான் வரை எல்லாமே அந்தப் படிகளில் தலைச்சுமையாக ஏறியவைதான். இங்கே ரோடு போட முடியாது என்று ஹாலந்துப் பொறியாளர்கள் கைவிரித்தார்கள். ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாஸல் என்ற உள்ளூர்க்காரர் தபால் வழியில் சாலைப் பொறியியல் படித்தார். 1938-இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இயந்திரங்கள் கிடையாது, கையால் போட்ட ரோடு. 1947-இல் தீவின் முதல் மோட்டார் வண்டி அதில் ஓடியது. முழுச் சாலையும் முடிய 1958 ஆனது. 1963-இல் விமான நிலையம் வந்தது. அதன் ஓடுபாதையின் நீளம் 400 மீட்டர்தான். பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே குட்டையானது என்று சொல்லப்படுவது இதுதான். இரண்டு முனைகளிலும் பள்ளம், கீழே கடல். பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டினிலிருந்து ஒரு கால் மணி நேரப் பயணம். சிறிய விமானங்கள் மட்டுமே இறங்கும்.

கரீபியன் என்றதும் நம் மனதில் வரும் படம் வெண்மணல், தென்னை, சாய்வு நாற்காலி. சேபாவில் இது எதுவும் கிடையாது. ஒரே ஒரு விரிகுடாவில் வருஷத்தில் சில மாதம் கொஞ்சம் மணல் ஒதுங்கும், பிறகு அதையும் கடல் எடுத்துக்கொண்டு போய்விடும். கடற்கரை இல்லாததால் பெரிய ஹோட்டல்கள் வரவில்லை. ஓடுபாதை நீளாததால் பெரிய விமானமும் வரவில்லை. அந்த வட்டாரத்தின் மற்றத் தீவுகள் சுற்றுலாவில் கொழித்தபோது, சேபாப் பெண்கள் சரிகைப் பின்னல் செய்து தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கப்பலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த எரிமலை கடல் மட்டத்தோடு நின்றுவிடவில்லை. தண்ணீருக்கு மேல் எப்படிச் செங்குத்தாக நிற்கிறதோ, அப்படியே கீழேயும் இறங்குகிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆழத்திலிருந்து கோபுரம் போல எழுந்து, மேல்மட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர் கீழே நின்றுவிடும் பாறை முனைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் பவளமும் கடற்பஞ்சும் ஒட்டிப் படர்ந்திருக்கின்றன. சுற்றிலும் சுறா, ஆமை, களவா மீன். ஓரிடத்தில் அடிமணலில் கையை நுழைத்தால் சூடு தெரியும். எரிமலை இன்னும் முழுக்க அணையவில்லை. தரையில் எது குறையோ அதுவே தண்ணீருக்குள் செல்வமாகிவிட்டது. 1980-களில் முக்குளிப்பவர்கள் இதைக் கண்டுகொண்டு வர ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல் விளக்கம். 'ஸ்கூபா டைவிங்' என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதிப் பழகிவிட்டன. இதில் நீச்சல் கொஞ்சம்தான், ஆழ்கடலும் கிடையாது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான். இலங்கைத் தமிழர்கள் 'சுழியோடி' என்கிறார்கள், அழகான சொல். நம் பக்கம் குளத்தில் தலைகீழாகப் பாய்ந்து மறைந்து வேறோர் இடத்தில் தலைநீட்டும் சின்னப் பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயர். முத்தெடுக்க மூழ்குவதை முத்துக்குளித்தல் என்றோம். சொல்லுக்குப் பஞ்சமில்லாத மொழி. முக்குளிப்பு என்றே இங்கே எழுதுகிறேன்.

சேபாவில் முக்குளிப்பு விடுமுறை என்றால் காலையில் துறைமுகத்தில் படகு ஏறுவதில் தொடங்கும். படகுக்கு ஏழெட்டுப் பேர். ஒரு மிதவையில் படகைக் கட்டிவிட்டு, முதுகில் காற்று உருளையோடு இறங்க வேண்டும். ஆழமான இடத்தில் இருபது நிமிஷம், ஆழம் குறைந்த இடத்தில் முக்கால் மணி நேரம். மேலே வந்து உட்கார்ந்து உடம்பை ஆற விட்டு, இன்னொரு முறை இறங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கரை. விமானச் சீட்டும் அறை வாடகையும் வேறு. நமக்கு அது சில மாதச் சம்பளம். இந்தச் செலவில் ஒரு சின்னப் பங்கு கடலுக்கே போகிறது என்பதுதான் சேபாவின் தனிக் கதை.

1987-இல் சேபாக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். அப்போது அங்கே பவளம் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. கெட்ட பிறகு காப்பாற்றுவதுதான் உலக வழக்கம். இவர்கள் கெடுவதற்கு முன்பே செய்தார்கள். பூங்காவை நடத்துவது உள்ளூரில் அமைந்த சேபா பாதுகாப்பு அறக்கட்டளை. முக்குளிக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறைக்கும் சில டாலர் கட்டணம் தர வேண்டும். அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல் பூங்காவுக்கே போகும். மிதவை பராமரிப்பது, காவல் படகு ஓட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் இதிலிருந்துதான். பார்வையாளர் கட்டணம், நினைவுப் பொருள் விற்பனை, நன்கொடை ஆகியவற்றைக் கொண்டே தன் செலவைச் சமாளித்த கடல் பூங்கா என்று 1990-களில் இதை உலகம் முழுவதும் எடுத்துக்காட்டினார்கள்.

மிதவை என்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஒரு படகின் நங்கூரம் பவளத்தின் மேல் விழுந்து இழுபட்டால், ஒரே நிமிஷத்தில் நொறுங்குவது பல பத்தாண்டு வளர்ச்சி. தலை போலத் திரளும் பவள வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். எனவே முக்குளிக்கும் இடங்களில் நிரந்தர மிதவைகளைப் போட்டு, நங்கூரம் போடுவதற்கு மட்டும் தனி இடம் ஒதுக்கினார்கள். காற்று உருளை மாட்டிக்கொண்டு மீன் குத்தக் கூடாது என்றார்கள். உள்ளூர் மீனவர்களை விரட்டவில்லை. கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீன்பிடிக்க இது, முக்குளிக்க இது, கப்பல் நிற்க இது என்று கோடு கிழித்தார்கள். கோடு கிழித்தவர்களும் அந்தக் கோட்டுக்குள் வாழ்கிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் அது நின்றது.

சேபா சொர்க்கமாகிவிடவில்லை. 1998-இல் ஜார்ஜஸ் புயலும் 2017-இல் இர்மா புயலும் அந்தத் தீவை உலுக்கின. 2005-இல் கரீபியன் முழுவதும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது சேபாவும் தப்பவில்லை. பூமி சூடாவதை எந்தப் பூங்காவின் வேலியும் தடுக்காது. ஆனால் நங்கூரம் படாத, சாக்கடை கலக்காத பவளத்துக்குச் சூட்டிலிருந்து மீண்டு எழும் தெம்பு கொஞ்சம் கூடுதல். கையில் இருப்பதைச் செய்வது என்றால் அதுதான்.

இந்தியாவில் இதற்கு மிக அருகில் வரும் தீவு நேத்ராணி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், பிரம்மாண்ட சிவன் சிலை நிற்கும் முருடேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 19 கி.மீ. கடலுக்குள் இருக்கிறது. சேபாவைப் போலவே மணல் கரை இல்லாத செங்குத்துப் பாறை. ஆள் குடியிருப்பு கிடையாது. புறாத் தீவு என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். வெள்ளை வயிற்றுக் கடல் கழுகுகள் அங்கே கூடு கட்டுகின்றன. இப்படிப்பட்ட தீவை நம் கடற்படை நெடுங்காலம் குண்டு வீசிப் பழகும் இலக்காக வைத்திருந்தது. இன்று மழைக்காலம் முடிந்த பிறகு முருடேஸ்வரத்திலிருந்து முக்குளிப்புப் படகுகள் போகின்றன. நீச்சல் தெரியாதவர்கள்கூடப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டர் வரை இறங்கிப் பார்க்கலாம். தனியாக இறங்க வேண்டுமானால் சில நாள் பயின்று, 18 மீட்டர் வரைக்கான சான்றிதழ் வாங்க வேண்டும்.

மற்ற இடங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவைதான். அந்தமானில் ஹாவ்லாக், அதாவது 2018 முதல் சுவராஜ் தீவு. லட்சத்தீவுகளில் கட்மத், பங்காரம், அகத்தி. லட்சத்தீவுக்குப் போக முன்அனுமதி வேண்டும். அது சிலருக்குத் தொந்தரவாகத் தெரியும். மொத்தம் 36 தீவுகளில் ஆள் வாழ்வது 10-இல்தான், குடிதண்ணீரோ மணலுக்கு அடியில் மெல்லிய படலமாக மிதப்பது என்ற விவரம் தெரிந்தால் தொந்தரவின் காரணமும் விளங்கும்.

முக்குளிக்கக் கிளம்புகிறவர்களுக்கு மலைக்காரனாக ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் நாம் இழுக்கும் மூச்சில் கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு காற்று இருக்கும். அதிலுள்ள நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைந்து தங்குகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே மெல்ல வெளியேறும். அவசரமாக வந்தால் சோடா புட்டியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழியிடும். மூட்டு வலி, மரத்துப்போதல், வாதம் என்று எதுவும் வரலாம். சிகிச்சைக்கு அழுத்த அறை என்ற இரும்பு அறை வேண்டும். அதனால்தான் ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்தால் இன்னும் நல்லது.

விமானம் என்றால் விமானம் மட்டுமில்லை. 600 மீட்டருக்கு மேல் உள்ள எந்த உயரத்துக்கும் இது பொருந்தும். பள்ளிவாசலும் மூணாறும் அந்தக் கோட்டுக்கு மிக மேலே இருக்கின்றன. மூணாறு சுமார் 1,500 மீட்டர். காலையில் கோவளத்தில் முக்குளித்துவிட்டு, மதியம் கார் ஏறி, ராத்திரிக்கு மூணாறு வந்து படுத்தால், மலைப்பாதை செய்வதும் விமானம் செய்யும் வேலையைத்தான். ஐந்து நாள் பேக்கேஜில் கடலையும் மலையையும் சேர்த்து விற்கும் காலம் இது. மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகலாம். முதலில் கடல்தான் என்றால் நடுவில் ஒரு நாளைச் சமவெளியில் கழியுங்கள். சேபாவில் சிகரம் ஏற நினைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஜீப் டிரைவரின் முதல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே. முத்தும் சங்கும் இல்லாமல் எதற்கு உள்ளே போவது என்று அவர் கேட்டதற்குப் பின்னால் ஒரு தமிழ் வரலாறு இருக்கிறது. காற்று உருளையோடு இயங்கும் நவீன மூச்சுக் கருவியை 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் உருவாக்குவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பிருந்தே மன்னார் வளைகுடாவில் மனிதர்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கி, ஒரு நிமிஷம் அல்லது ஒன்றரை நிமிஷத்தில் சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது கையை விடமாட்டான் என்று கடற்கரையில் சொல்வார்கள். இன்றைய முக்குளிப்பின் முதல் பாடமும் தனியாக இறங்காதே, ஜோடியாக இறங்கு என்பதுதான்.

சேபாவை ஆண்ட அதே ஹாலந்துக்காரர்கள் 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, முத்துக்குளிப்பின் வருமானத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1825-இல்தான் ஊர் நிலையாக ஆங்கிலேயருக்குப் போனது. அரசுகள் மாறினாலும் ஒரு வழக்கம் இருந்தது. சிப்பிப் பாரை முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. இப்படிக் குளிப்பு நடந்த வருஷங்களைவிட நடக்காத வருஷங்களே அதிகம். சங்கு குளிப்பிலும் ஓர் அளவு வளையம் வைத்திருந்தார்கள். அதில் நுழைந்துவிடும் சிறு சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும். கட்டுப்பாட்டை நாம் சேபாவிடம் கற்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்த விஷயம் அது.

ஆனால் பிறகு நடந்தது வேறு. முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. வளைகுடாவின் பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். 1986-இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. ஆனால் அதற்குள் வெட்டுப்பட்ட தீவுகளில் இரண்டு கடலில் முழுகிவிட்டன. பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது 2001-இல்தான். சங்கு குளிப்பவர்கள் இன்றும் தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, ஆழமானியோ கடிகாரக் கணக்கோ இல்லாமல் இறங்குகிறவர்கள் அவர்களில் உண்டு. மேலே சொன்ன நைட்ரஜன் கணக்கு அவர்கள் உடம்புக்கும் அதேதான். விடுமுறைக்கு இறங்குபவருக்கு ஒரு பயிற்சியாளர், சான்றிதழ், காப்பீடு. வயிற்றுக்காக இறங்குபவருக்கு ஒரு ரப்பர் குழாய்.

சேபாவையும் மன்னாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சேபாவில் கடலைக் காப்பதும் கடலை நம்பிப் பிழைப்பதும் ஒரே வேலையாகிவிட்டன. இங்கே கடலைக் காப்பவர்கள் ஒரு துறையாகவும், பிழைப்பவர்கள் பிரச்சினையாகவும் நிற்கிறார்கள். பூங்கா எல்லைக்குள் பாசி எடுக்கப் போகும் பெண்களும் சங்கு குளிக்கும் ஆண்களும் அத்துமீறுகிறவர்களாகத்தான் கணக்கில் வருகிறார்கள். இந்த வளைகுடாவின் தரையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பவளம் எந்த மாதம் வெளுத்தது, எந்தப் பாரில் சிப்பி துளிர்க்கிறது என்று சொல்லக் கூடிய கண்கள் அவை. அந்தக் கண்களுக்குச் சம்பளம் கொடுத்து, பயிற்சியும் நல்ல கருவியும் கொடுத்து, காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் அமர்த்துவது பெரிய விஞ்ஞானமில்லை. வெளிநாட்டில் போய் முக்குளிக்கிற நம் ஆட்கள் தருகிற கட்டணத்தின் அளவுக்கு இங்கே ஒரு கட்டணம் வைத்தாலே அதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

மலைக்கும் இதுவேதான். பள்ளிவாசல் 1940-இல் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையத்தைப் பெற்ற ஊர். தேயிலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். இன்று அவர்கள் பிள்ளைகளில் பலர் ஜீப் ஓட்டுகிறார்கள், ஹோட்டலில் வேலை பார்க்கிறார்கள். சரிவுகளைக் குடைந்து ரிசார்ட்டுகள் எழுந்தன. ஆகஸ்ட் 2018 பெருமழையில் பள்ளிவாசலில் மண் சரிந்து பாறைகள் உருண்டபோது வெளிநாட்டவர் உட்படச் சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2020-இல் மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது என்பதை இரண்டுமே சொல்கின்றன.

பக்கத்திலேயே முன்மாதிரியும் இருக்கிறது. வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவில், குட்டி போடும் பருவத்தில் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் யாரையும் விடமாட்டார்கள். மற்ற மாதங்களிலும் சொந்த வண்டி போகாது. வனத்துறை பஸ்ஸில்தான் ஏற வேண்டும். முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். இரண்டு மாதம் மூடியதால் மூணாறு பட்டினி கிடக்கவில்லை. வரையாடு இருப்பதால்தான் கூட்டமே வருகிறது. தமிழ்நாட்டில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே 2024 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது வியாபாரிகள் பதறினார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். கட்டுப்பாட்டை மேலேயிருந்து திணித்தால் அது தண்டனையாகத்தான் தெரியும். சேபாவில் அது ஊரின் சொத்துக் கணக்காக இருந்தது. வசூலான பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்ததால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த விடுமுறையில் நேத்ராணிக்கோ அந்தமானுக்கோ முக்குளிக்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்விகள் கேட்கலாம். படகு மிதவையில் கட்டப்படுமா, நங்கூரம் போடுவார்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? விபத்து நேர்ந்தால் அருகில் உள்ள அழுத்த அறை எங்கே இருக்கிறது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? படகோட்டிகளும் வழிகாட்டிகளும் அந்தக் கரையைச் சேர்ந்தவர்களா? சரியான பதில் சொல்கிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரிடமே போங்கள். கீழே போனதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பவளத்தைத் தொடாதீர்கள், அதன் மேல் நிற்காதீர்கள், ஞாபகத்துக்கு என்று ஒரு சிப்பியைக்கூட எடுக்காதீர்கள். மீனுக்கு பிரெட் போட்டுப் படம் எடுக்கச் சொல்லும் படகுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூணாறுக்கு வருகிறவர்களும் இதே கேள்விகளை வேறு வார்த்தைகளில் கேட்கலாம். தங்கப் போகும் கட்டடம் சரிவை வெட்டி எழுந்ததா, குப்பை எங்கே போகிறது, வேலை பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு உள்ள மதிப்பு இங்கே யாருக்கும் தெரியாததில்லை. இதுவரை பலரும் கேட்டது வெந்நீர் வருமா, டி.வி. இருக்கிறதா என்பதைத்தான். அதனால் அந்த இரண்டும் எல்லா அறைகளிலும் இருக்கின்றன.